காற்றுக்கு வழி கேட்கப் போன தட்டு

1

நல்ல காற்று வீசும் வேளையில் காற்றாலைகள் அசையாமல் நிற்பதை நான் அதுவரை கண்டதில்லை. சென்ற இலையுதிர் காலத்தில் ஒரு பிற்பகல் அதைக் கண்டேன்.

நாங்கள் வசிப்பது டென்மார்க் நாட்டின் மேற்குக் கரையோரத்தில் ஒரு சிற்றூர். கிருஷ்ணகிரிப் பக்கத்தில் எத்திசையில் திரும்பினாலும் ஒரு கரடு வந்து கண்ணை மறிக்கும். இங்கே கண்ணை மறிக்க எதுவுமில்லை. ஆகையால் காற்றை மறிக்கவும் எதுவுமில்லை. கடலிலிருந்து புறப்படும் காற்று முதலில் வந்து தொடுவது நம் வீட்டுத் துணிக்கொடியைத்தான் என்று என் மனைவி மரகதம் சொல்வாள்.

அன்று கொடியில் போட்ட வேட்டி பாய்மரம்போல் விறைத்துப் பறந்துகொண்டிருந்தது. ஆனால் புல்வெளிகளுக்கு அப்பால் வரிசையாக நிற்கும் காற்றாலைகள் இறக்கைகளை மடக்கிய நாரைகளைப்போல் சும்மா நின்றன. பெரும்புயலில் அவை தம்மைக் காத்துக்கொள்வதற்காகத் தாமே நின்றுவிடும் என்பதை நான் அறிவேன். அது புயல் அன்று. எந்தக் காற்றுக்காக அவற்றை எழுப்பினார்களோ, அந்தக் காற்று.

அவற்றுள் சிலவற்றின் உடலைப் பற்றவைத்த கைகளுள் என் கையும் ஒன்று. ஓசூர்த் தொழிற்பேட்டையில் பற்றவைப்பாளனாக இருந்த என்னைக் காற்றாலைக் கோபுரங்கள் செய்யும் இந்நாட்டு ஆலை ஒன்று ஒப்பந்தத்தில் அழைத்துக்கொண்டது. மகள் இங்கே பள்ளியில் சேர்ந்ததும் ஊர் திரும்பும் நாளைத் தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்ட நாள் பிறகு வரவே இல்லை. இப்போது ஓய்வு பெற்று, பிறர் பற்றவைத்ததைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பழுது ஏதும் நேர்ந்துவிட்டதோ என்று அஞ்சி மகள் கயல்விழியைத் தொலைபேசியில் அழைத்தேன். நாட்டின் உயரழுத்த மின்பாதைகளைத் திட்டமிடும் அலுவலகத்தில் அவள் பொறியாளர். அங்கே அவளை எல்லாரும் காயா என்றுதான் அழைக்கிறார்கள். அவளும் அந்தப் பெயருக்கே விரைவாகத் திரும்பிப் பார்க்கிறாள்.

"பழுது இல்லப்பா. காத்து இருக்கு, போறதுக்கு ரோடு இல்ல" என்றாள்.

பிறகு விளக்கினாள். நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பதுபோல் மின்சாரத்தைக் கொட்டி வைக்க இயலாது. விளைந்த கணமே அதைச் சுமந்து செல்லக் கம்பி வேண்டும். மறுமுனையில் அதைச் செலவழிக்க ஓர் அடுப்போ ஆலையோ வேண்டும். கம்பிக்குத் தாங்கும் அளவு ஒன்று உண்டு. அளவை மீறினால் சூடேறித் தொய்யும். கரையோரத்தில் காற்றாலைகள் பெருகிய வேகத்துக்குப் பாதைகள் பெருகவில்லை. அதனால் காற்று மிகும்போது சிலவற்றை நிறுத்தச் சொல்லுகிறார்கள்.

காற்றாலையை ஓரிரு ஆண்டுகளில் எழுப்பிவிடலாம். அதன் மின்சாரத்தைச் சுமக்கும் பாதைக்கோ அதைப்போலப் பல மடங்கு காலம் வேண்டும். ஆகவே இன்னும் நடப்படாத காற்றாலையிலிருந்து இன்னும் கட்டப்படாத ஆலைக்கு, இன்னும் வீசாத காற்றைக் கணக்கிட்டு, இன்றைக்கே கோடு போட வேண்டும். கடந்த ஆண்டுகளில் வீசிய காற்றையெல்லாம் மணிவாரியாக எடுத்து, வரப்போகும் கம்பிகளின்மேல் ஓடவிட்டுப் பார்ப்பார்களாம். போன காற்றைத் திரும்ப அழைத்து வேலை வாங்கும் வித்தை அது.

எங்கள் கரையிலிருந்து உள்நாட்டுக்கு ஒரு புதிய பாதை வரப்போகிறது என்றும், அதை வரைந்தவள் தானே என்றும் அப்போதுதான் சொன்னாள். அவள் தலைமையேற்று வரைந்த முதல் பாதை அது.

2

ஓசூரில் நான் வேலை பார்த்த பட்டறையில் மின்சாரம் என்பது விருந்தாளி. வாரத்தில் ஒரு நாள் அது வராது என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள், அறிவிக்காமலும் வராது. எங்கள் மேற்பார்வையாளர் கிருஷ்ணப்பா அத்தகைய வேளைகளில் கன்னடத்தில் திட்டுவார், தெலுங்கில் கேலி பேசுவார், தமிழில் சாமி கும்பிடுவார். மூன்றாலும் மின்சாரம் வந்ததில்லை.

ஆனால் ஆடி மாதம் பிறந்தால் நிலைமை மாறிவிடும். தென்கோடியில் கணவாய்க் காற்று கிளம்பியதும் எங்கள் பட்டறையில் மின்வெட்டு குறையும். கிருஷ்ணப்பா காலையில் வந்து விசையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கி ஆரல்வாய்மொழியில நல்லா வீசுது. எவனும் டீக்குப் போவாதீங்க, இருக்கறப்பவே அடிச்சு முடிங்க" என்பார். எங்கள் முதலாளிக்கே அங்கே ஒரு காற்றாலை சொந்தமாக இருந்தது. அதை நாங்கள் ஒருவரும் கண்டதில்லை. ஒரு பகல் முழுதும் பேருந்தில் போனாலும் எட்டாத தொலைவில் அது சுழலும். எங்கள் கையில் தீப்பொறி பறக்கும்.

இதில் ஒரு விந்தை உண்டு. பற்றவைப்பவனுக்குக் காற்று பகை. உருகும் இரும்பைச் சுற்றிப் பீய்ச்சும் வாயுவைக் காற்று கலைத்துவிட்டால் பற்று ஓட்டை ஓட்டையாகிவிடும். அதனால் சுற்றிலும் தார்ப்பாய் கட்டி, மின்விசிறியை நிறுத்தி, வியர்வை சொட்டச் சொட்ட வேலை செய்வோம். ஓர் இழை காற்றும் புகாத கூண்டுக்குள் உட்கார்ந்து, காணாத காற்றின் பலத்தால் இரும்பை உருக்கினோம். பள்ளிப்படிப்பை எட்டாம் வகுப்போடு விட்ட எனக்கு இதைச் சொல்லித்தர ஆளில்லை. மின்கம்பி என்பது காற்றை ஊர்விட்டு ஊர் அழைத்துவரும் வாய்க்கால் என்று நானே நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு முழுதும் தவறில்லை என்று மகள் இப்போது ஒப்புக்கொள்கிறாள்.

3

புதிய பாதை நீல்ஸ் என்பவருடைய புல்வெளியின் ஊடே போவதாக இருந்தது. எங்கள் தெரு முடியும் இடத்தில் அவருடைய நிலம் தொடங்குகிறது. பால்மாடு வளர்ப்பவர், குறைவாகப் பேசுபவர். நான் நடைபயிலும்போது டிராக்டரில் இருந்தபடி ஒரு விரலை உயர்த்துவார்; நானும் உயர்த்துவேன். ஆண்டுக்கணக்கில் எங்கள் உறவு அவ்வளவுதான். ஆயினும் சுற்றுவட்டாரக் குடியானவர்கள் அவர் என்ன சொல்லுவார் என்று பார்த்துத்தான் தாம் பேசுவார்கள்.

அலுவலகம் அனுப்பிய கடிதம் எதற்கும் அவர் மறுமொழி அனுப்பவில்லை என்று கயல் வருந்தினாள். அவர் மறுத்தால் மற்றவர்களும் மறுப்பார்கள். வழக்கு, மேல்முறையீடு என்று பாதை ஆண்டுக்கணக்கில் படுத்துவிடும். அவள் பெயரில் வந்த முதல் பாதை வரைபடத்திலேயே மடியும்.

இதைக் கேட்டபோது எனக்கு வேப்பனப்பள்ளி நினைவு வந்தது. அங்கே மரகதத்தின் தம்பி முனிராஜு மாந்தோப்பு வைத்திருக்கிறான். நான் ஒருமுறை விடுமுறையில் போயிருந்தபோது அத்தோப்பின் வழியே உயரழுத்தப் பாதை ஒன்று வருவதாக இருந்தது. தெற்கத்திக் காற்று மின்சாரத்தை வடக்கே கொண்டுபோகும் பாதை என்று சொன்னார்கள். அறிவிப்பு வந்தது. முனிராஜு அதைப் படிக்காமலே மடித்து மாட்டுக்கொட்டகை ஓட்டில் செருகிவிட்டான்.

பிறகு கோபுரம் நடும் குழுவின் மேஸ்திரி வந்தார். ஒரு தட்டில் வாழைப்பழம், தேங்காய், வெற்றிலை, பாக்கு. கட்டிலில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினார். அவ்வாண்டு மாம்பூ கருகியதைப் பற்றிப் பேசினார். மாங்கூழ் ஆலைக்காரர்கள் காயைக் கழிப்பதைப் பற்றிப் பேசினார். எழுந்திருக்கும்போதுதான் வந்த காரியத்தைச் சொன்னார்: "உங்க தோட்டத்துல கால் வெக்கணும். சம்மதம்னா வெத்தலைய எடுத்துக்குங்க. இல்லன்னா அப்படியே இருக்கட்டும், நான் தட்ட எடுத்துக்கிட்டுப் போறேன்."

முனிராஜு எடுக்கவில்லை. கோபுரத்தின் ஒரு கால் கிணற்றோரம் வருகிறதே என்றான். மேஸ்திரி போய்ப் பொறியாளரிடம் பேசி, கால் விழும் இடத்தைத் தள்ளிவைத்துக்கொண்டு மறுபடி வந்தார். மறுபடி தட்டு, மறுபடி மழை, மாம்பூ. இம்முறை முனிராஜு வெற்றிலையை எடுத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டான்.

நம் பக்கத்தில் பெண் கேட்பதும் அப்படித்தான். ஆழ்துளைக் கிணற்றுக்கு வண்டி விட அடுத்தவர் வரப்பைக் கேட்பதும் அப்படித்தான். தட்டு வைப்பது கொடுப்பதற்காக அன்று, கேட்பதற்காக. அதை எடுக்காமல் விடும் உரிமையும் அந்தத் தட்டிலேயே இருக்கிறது.

4

நீல்ஸிடம் ஒருமுறை பேசிப் பார்க்கலாம் என்றுதான் நான் நினைத்தேன். மரகதம் ஒப்பவில்லை. "வெறுங்கையோட போயி ஒருத்தரு நெலத்துல வழி கேக்கறதா? நல்லா இருக்குது ஞாயம்" என்றாள்.

ஹேர்னிங் என்னும் நகரத்தில் ஈழத்தமிழர் ஒருவர் கடை வைத்திருக்கிறார். வாரத்துக்கு ஒருமுறை அவரிடம் வெற்றிலை வரும். பேருந்தில் போய் வெற்றிலையும் பாக்கும் தேங்காயும் கேட்டோம். அவர் முகம் மலர்ந்தது. "என்ன அண்ணை, பிள்ளைக்குச் சரிவந்திட்டுதோ?" என்றார். மகள் கல்யாணத்துக்கு இல்லை, மின்சாரக் கம்பிக்கு என்றேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, பழத்தில் நல்ல சீப்பாகத் தேர்ந்து கொடுத்தார்.

கயலிடம் நாங்கள் சொல்லவில்லை. மறைப்பதற்காக அன்று. பெரியவர்கள் போய்க் கேட்டுவிட்டு வந்த பிறகே பிள்ளைகளிடம் சொல்வது நம் வழக்கம்.

நீல்ஸ் கதவைத் திறந்து, தட்டையும் மரகதத்தின் பட்டுப்புடவையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே வரச்சொல்லிக் காப்பி வைத்தார். என் டேனிஷ் மொழி ஆலைக்குள் கற்றது. பற்றவைப்புக் குறை ஒவ்வொன்றுக்கும் பெயர் தெரியும். ஒரு வீட்டுக்குள் நுழைந்து பேசும் சொற்கள் குறைவு. ஆயினும் மழையைப் பற்றிப் பேசினேன். மாடுகளைப் பற்றிக் கேட்டேன். எழுந்திருக்கும்போது, என் மகள் வரைந்த கோடு உங்கள் நிலத்தில் வருகிறது, அவள் சட்டப்படி கேட்பாள், எங்கள் முறைப்படி நாங்கள் கேட்க வந்தோம் என்று சொல்லி முடித்தேன்.

அவர் ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்றார். தேங்காயைக் காதருகே வைத்துக் குலுக்கி, உள்ளே தண்ணீர் ஆடும் ஓசையைக் கேட்டு, அதைச் சன்னல் மேடையில் வைத்தார். அதன்பின் பேசத் தொடங்கினார்.

அந்தப் புல்வெளி அவருடைய தந்தையின் காலத்தில் சேறாம். தந்தையும் சிற்றப்பனும் கையால் பள்ளம் தோண்டி, மண்குழாய்களை வரிசையாகப் புதைத்து நீரை வடித்தார்களாம். அக்குழாய்கள் எங்கெங்கே போகின்றன என்பது எந்த வரைபடத்திலும் இல்லை. அவருக்கு மட்டுமே தெரியும். கோபுரத்துக்கு அடித்தளம் தோண்டினால் அவை உடையும். புல்வெளி மறுபடியும் சேறாகும். கடிதத்தில் இதையெல்லாம் எழுதலாமே என்று கேட்டேன். கடிதத்தில் வந்த கேள்விகளுள் இது இல்லை என்றார்.

திரும்பி வரும்போது மரகதம் தட்டையே பார்த்துக்கொண்டு நடந்தாள். "எல்லாம் எடுத்துக்கினாரு. வெத்தலைய எடுத்துக்கலையே" என்றாள். அவருக்கு அது என்னவென்றே தெரியாது என்றேன்.

"தெரியுதோ தெரியலையோ, எடுக்கலன்னா எடுக்கலதான்."

5

அடுத்த வாரம் ஊர்க் கூடத்தில் பொதுக்கூட்டம். இந்நாட்டில் ஒரு மின்பாதை வருமானால், யாருடைய வயலில் வருகிறதோ அவர்களையெல்லாம் அழைத்து, காப்பியும் கேக்கும் கொடுத்து, ஒவ்வொருவரும் பேசித் தீரும்வரை கேட்டாக வேண்டும். கயல் மேடையில் நின்று வரைபடத்தைக் காட்டிப் பேசினாள். அவள் குரலில் நடுக்கமில்லை. நாங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, புரிந்தும் புரியாமலும் பூரித்திருந்தோம்.

நீல்ஸ் எழுந்தார். அனைவரும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக ஒன்றைச் சொல்லுகிறேன் என்று தொடங்கினார். திட்ட அலுவலரின் பெற்றோர் என் வீட்டுக்கு வந்தார்கள், பழம் கொண்டுவந்தார்கள், நான் ஒன்று தின்றேன், நன்றாக இருந்தது, தேங்காய் என் சன்னலில் இருக்கிறது என்றார். அவரிடம் துளியும் வஞ்சகமில்லை. எதையும் பொதுவில் வைத்துவிடுவது இவர்களுடைய நேர்மை. கூடம் முதலில் சிரித்தது. பிறகு சிரிப்பு ஒவ்வோர் இடமாக அடங்கியது. மேடையில் கயலின் முகம் வெளுத்துப்போனதை அங்கிருந்தே கண்டேன்.

கூட்டம் முடிந்து காரருகே வந்ததும்தான் பேசினாள்.

"ஏம்பா எங்கிட்ட கேக்கல? இங்க இதுக்குப் பேரு வேற."

மரகதம், நம் ஊரில் எல்லாரும் செய்வதுதானே என்று மெல்லத் தொடங்கினாள்.

"நான் அந்த ஊரு ஆள் இல்லம்மா" என்றாள் கயல். அதை டேனிஷில் சொல்லியிருந்தால் எங்களுக்கு அத்தனை உறைத்திராது. தமிழில் சொன்னாள்.

திட்டத்தால் பாதிக்கப்படுபவரிடம் அலுவலரோ அவர் குடும்பத்தாரோ தனிப்பட எதையும் கொடுப்பதும் பெறுவதும் கூடாது என்பது இங்குள்ள விதி. அலுவலகத்தில் விசாரணை தொடங்கினார்கள்; அது முடியும்வரை இப்பாதை குறித்து அவள் எந்த முடிவும் எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு ஒரு படிவம் வந்தது. தட்டில் இருந்த ஒவ்வொரு பொருளும் உண்பதற்கா, அலங்காரத்துக்கா என்று கேட்டிருந்தார்கள். வெற்றிலைக்கு நேராக எதைக் குறிப்பது என்று தெரியாமல் வெறுமையாக விட்டேன். அதற்காகவே நேரில் வரச்சொல்லி மறு கடிதம் வந்தது.

செய்தி வேப்பனப்பள்ளிவரை போய்விட்டது. முனிராஜு அழைத்தான். தோப்புக்கு மருந்தடிக்கும் இயந்திரத்தின் ஓசையும், யாரையோ தெலுங்கில் விரட்டும் அவன் குரலும் முதலில் கேட்டன. பிறகு என்னிடம் வந்தான்.

"ஏன் மாமா, வெத்தல பாக்கு வெச்சதுக்கா கேஸு? நம்மூருல வெக்கலன்னாதான கேஸு."

நான் நிலைமையை விளக்கினேன். அவன் கேட்டுவிட்டு, அப்படியானால் அந்த ஊரில் ஒருவரையொருவர் எதை நம்பித்தான் கேட்பார்கள் என்றான். சட்டத்தை நம்பி என்றேன். அவன் சிறிது யோசித்து, அதுவும் சரிதான், நம் ஊரில் தட்டை நீட்டிவிட்டு மிரட்டுகிறவனும் உண்டல்லவா என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "புள்ள வேலைக்கு ஒண்ணும் ஆவாதே மாமா?" என்று கேட்டான். தெரியவில்லை என்றேன். எனக்கு உண்மையாகவே தெரியவில்லை.

6

விசாரித்தவர் கயலின் அலுவலகத்துச் சட்டப் பிரிவைச் சேர்ந்த ஓர் அம்மையார். கடுமை இல்லை, விரைவும் இல்லை. தட்டின் பொருளை விளக்கச் சொன்னார். முனிராஜுவின் தோப்பு, மேஸ்திரி, கிணறு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே வந்து, வெற்றிலையில் நிறுத்தினார்.

"நிலத்துக்காரர் அதை எடுத்துக்கொள்ளாவிட்டால்?"

பாதையை மாற்றிக்கொண்டு மறுபடி போய்க் கேட்க வேண்டும் என்றேன்.

"இவர் எடுத்துக்கொண்டாரா?"

"பழத்தை எடுத்தார். தேங்காயை எடுத்தார். வெற்றிலையை எடுக்கவில்லை."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அப்படியானால் உங்கள் முறைப்படி அவர் இன்னும் சம்மதிக்கவில்லை என்றார். ஆமாம், மறுபடி போக வேண்டும் என்றேன்.

"தயவுசெய்து போகாதீர்கள்" என்றார் அம்மையார். அவர் வாயோரத்தில் சிரிப்பு இருந்தது. ஆனாலும் அதைக் கட்டளையாகவே சொன்னார். நிலத்தடியில் குழாய்கள் இருப்பதைப் பற்றி நீல்ஸ் கூறியதையும் என்னிடம் கேட்டுப் பதிவு செய்துகொண்டார்.

வெளியே கயல் காத்திருந்தாள். அந்த நாள்வரை அவள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. வீட்டுக்கு அழைத்துப் போவாள் என்று நினைத்தேன். தன் மேசைக்கு அழைத்துச் சென்று, திரையின் முன் உட்காரவைத்தாள்.

அதில் நாடு முழுவதும் இருந்தது. ஊர்கள் புள்ளிகளாக, மின்பாதைகள் கோடுகளாக. கோடுகளின்மேல் சிறு அம்புகள் ஊர்ந்துகொண்டிருந்தன. மேற்கே எங்கள் கரையைக் காட்டினாள். "இப்ப நல்லா வீசுதுப்பா. பாருங்க" என்றாள். அம்புகள் கரையிலிருந்து கிழக்கே போயின; சில வடக்கே திரும்பிக் கடலுக்கடியில் போயின. அவை எங்கே போகின்றன என்று கேட்டேன். நார்வேக்கு என்றாள். அங்கே மலைகளும் அணைகளும் இருக்கின்றன. நம் காற்று அங்கே போய் விளக்கெரிக்கும்போது அவர்கள் தங்கள் அணையின் மதகை மூடிவைத்துக்கொள்வார்கள். காற்று ஓய்ந்த நாளில் மதகைத் திறந்து நமக்கு அனுப்புவார்கள்.

"நம்ம காத்து அங்க தண்ணியா நிக்கும்பா."

கிருஷ்ணகிரி அணையின் மதகுகளை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கண்டம் விட்டு வந்து, காற்றைத் தண்ணீராக்கித் தேக்கிவைக்கும் மனிதர்களிடையே உட்கார்ந்திருக்கிறேன், அவர்களுள் ஒருத்தி என் மகள் என்பது அப்போதுதான் எனக்கு முழுமையாக உறைத்தது. கைகூப்ப வேண்டும்போல் இருந்தது. அலுவலகம் என்பதால் கூப்பவில்லை.

அவள் திரையில் ஒரு கோட்டைத் தொட்டாள். அது அணைந்தது. அதில் ஊர்ந்த அம்புகள் பக்கத்துக் கோடுகளில் ஏறின, அவை மஞ்சளாகின, ஆனால் எந்த ஊரும் இருளவில்லை. அதை மீட்டுவிட்டு இன்னொன்றை அணைத்தாள். பிறகு இன்னொன்று.

"இப்படி ஒவ்வொண்ணா எடுத்துப் பாப்போம். எது போனாலும் மத்ததுங்க தாங்கணும். ஒண்ணு இல்லன்னா எல்லாம் விழுந்துடும்னா, அது பிளானே இல்ல."

நான் தயங்கிக் கேட்டேன். "உன்ன எடுத்துட்டா?"

அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "அதையும் பாத்துட்டேன். ஆண்டர்ஸ் தாங்குவான்."

ஆண்டர்ஸ் அவளுடன் இப்பாதையில் உழைக்கும் இளைஞன். விசாரணையில் அவள்மேல் குற்றம் காணமாட்டார்கள் என்று அம்மையார் சாடையாகச் சொல்லிவிட்டாராம். ஆயினும் நாளை எவராவது வழக்குத் தொடுத்தால், பாதையில் முதலில் அறுந்துவிழும் இடம் அவள் பெயராகவே இருக்கும். அந்த இடத்தை அவளே எடுத்துவிட்டாள். விசாரணை முடியுமுன்பே, இப்பாதையில் இனி நான் இல்லை என்று சொல்லிவிட்டாள்.

வேலை போய்விட்டதா என்று கேட்டேன். வேலை இருக்கிறது, இந்தப் பாதை இல்லை என்றாள். எத்தனை ஆண்டு வரைந்தாய் என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டேன். அவள் தன் கைப்பிள்ளையை அடுத்தவர் இடுப்பில் மாற்றிவிட்டவள்போல் நின்றாள். அழவில்லை. கம்பிகளுக்கு விதித்த நெறியைத் தனக்கும் விதித்துக்கொள்ளும் ஒருத்திக்கு நான் என்ன சொல்ல முடியும்? நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன். ஏன் எழுந்தீர்கள் என்றாள். கால் மரத்துவிட்டது என்றேன்.

7

வேனில் தொடங்கியபோது இரண்டாம் கூட்டம் நடந்தது. அதே கூடம், அதே காப்பி. மேடையில் ஆண்டர்ஸ் நின்றான். கயல் வருவாள் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு வந்து, மேடைப் பக்கம் பாராமல், கடைசி வரிசையில் மரகதத்துக்கும் எனக்கும் நடுவே உட்கார்ந்தாள். அலுவலராக அல்ல, இவ்வூர்க்காரர்களின் மகளாக வந்திருக்கிறேன், வாய் திறக்கமாட்டேன் என்று கூட்டத் தலைவரிடம் முன்கூட்டியே தெரிவித்திருந்தாளாம்.

கூட்டத்தில்தான் வாய் திறக்கவில்லை. தாயின் காதில் இடைவிடாமல் பேசிக்கொண்டிருந்தாள். ஆண்டர்ஸ் சொல்லும் ஒவ்வொன்றையும் தமிழாக்கினாள். தன்னுடைய திட்டத்தை, தன்னுடைய சொற்களை, இன்னொருவன் வாயிலிருந்து எடுத்து, தேடித் தேடிக் கண்டெடுத்த தமிழில் சொன்னாள். "கம்பி சூடாவும்மா… தொங்கும்… அதனால இன்னொரு கம்பி வேணும்… காத்து எப்ப வரும்னு தெரியாது, ஆனா வரும், அதுக்கு எடம் வெக்கணும்…" சில சொற்கள் கிடைக்காதபோது கையால் காட்டினாள். இத்தனை தமிழ் அவள் பேசி நான் கேட்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன.

பிறகு நீல்ஸ் எழுந்தார். அவர் தம் தந்தை புதைத்த குழாய்களைப் பற்றி, எங்களிடம் முன்பு சொன்னதைவிடச் சுருக்கமாகச் சொன்னார். கோபுரங்கள் தாழ்ந்த புல்வெளியில் வரக்கூடாது. என் நிலத்தின் மேற்கு ஓரத்தில் மேட்டுக் கரை இருக்கிறது, அங்கே குழாய் இல்லை. கோடு அப்படி வளைந்து போகுமானால் நான் எதிர்க்கமாட்டேன். இல்லையென்றால் கடைசி நீதிமன்றம்வரை போவேன் என்றார்.

ஆண்டர்ஸின் பார்வை ஒரு கணம் எங்கள் வரிசைக்கு வந்தது. கயல் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். தலையசைக்கவில்லை, அசைக்கக்கூடாது. அவள் விரல்கள் மரகதத்தின் விரல்களை இறுகப் பற்றியிருந்ததை நான் மட்டும் கண்டேன்.

ஆண்டர்ஸ் திரைக்குத் திரும்பினான். குழாய்களைப் பற்றிய பதிவு வந்ததிலிருந்தே மேட்டுக் கரை வழியையும் கணக்கிட்டு வைத்திருக்கிறோம், பாதை சற்று நீளும், தாங்கும் என்றான். கோட்டைப் பிடித்து இழுத்தான். அது புல்வெளியை விட்டு விலகி, மேட்டுக் கரையைத் தொட்டு வளைந்து, மறுபடியும் கிழக்கே போயிற்று. நீல்ஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னே போய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு இருக்கைக்குத் திரும்பி, சரி என்று ஒரு சொல் சொல்லி உட்கார்ந்தார். அவரைச் சுற்றியிருந்த குடியானவர்கள் காப்பிக் கோப்பைகளைக் கையில் எடுத்தார்கள்.

"இன்னாடி சொல்றாரு?" என்றாள் மரகதம்.

"வழி விட்டுட்டாரும்மா."

"நீ போட்ட கோடுதான அது?"

கயல் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நேரா போறது நான் போட்டது. வளையற எடம் அவரு போட்டது."